முகம் மாறாமல் பாடியவர்: டாம் லேரர்

342இலிருந்து 173ஐக் கழித்தால் 169. பள்ளிப் பிள்ளைகள் போடும் கணக்கு. 1965ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரின் 'ஹங்ரி ஐ' இரவு விடுதியில் டாம் லேரர் என்ற கணித ஆசிரியர் பியானோ முன் அமர்ந்து இந்தக் கணக்கைப் பாட்டாகவே போட்டுக் காட்டினார். இரண்டிலிருந்து மூன்று போகாது, பக்கத்து இடத்தில் கடன் வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு படியையும் வாத்தியார் தொனியில், மூச்சு விடாமல் பாடினார். முடித்த கையோடு அதே கணக்கை எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் மறுபடி போட்டார். இப்போது விடை 147. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பதிவில் அவர் குரலைக் கேளுங்கள். பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் மட்டும்தான் அதில் இருக்கிறது.

பாட்டைக் கேட்டுவிட்டுத் தாளும் பேனாவும் எடுத்து நானும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு விடையும் சரி. லேரரின் நகைச்சுவைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை என்று நினைக்கிறேன். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறியது. அந்தப் பதற்றத்தில் பள்ளிக் கணிதம் வேகவேகமாகத் திருத்தி எழுதப்பட்டது. கணங்களும் வெவ்வேறு அடிமானங்களும் தொடக்கப்பள்ளிக்கே வந்து சேர்ந்தன. வீட்டுப்பாடத்தில் பிள்ளைக்கு உதவ உட்கார்ந்த பெற்றோர் திகைத்துப் போனார்கள். அந்தத் திகைப்பை லேரர் பாடத்தை ஒழுங்காக நடத்தியே காட்டிவிட்டார். விடை தப்பாக இருந்திருந்தால் பாட்டு வெறும் கோமாளித்தனமாகப் போயிருக்கும். விடை சரியாக இருப்பதால்தான் கேட்பவர் தன் குழப்பத்தைத் தானே உணர்ந்து சிரிக்கிறார்.

இந்த வகை நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் 'டெட்பேன்' என்று பெயர். 'பேன்' என்பது முகத்தைக் குறிக்கும் பழைய கொச்சைச் சொல். செத்த முகம் என்று பொருள். மௌனப் படக் காலத்தில் பஸ்டர் கீட்டன் இதில் மன்னர். 'சிரிக்காமல் சிரிக்க வைப்பவர்' என்று நம் பேச்சில் சொல்வோம். ஆனால் அந்தச் சிரிக்காத முகம் என்ன வேலை செய்கிறது என்று யோசித்தால் தொல்காப்பியம்தான் எனக்குத் துணைக்கு வருகிறது. நகை பிறக்கும் இடங்கள் என்று மெய்ப்பாட்டியல் நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் பிறரைக் கேலி செய்வது. பேதைமை அறியாமை. லேரர் எள்ளலைச் செய்தார்; ஆனால் பேதைமையின் முகத்தோடு செய்தார். தான் பாடுவது எவ்வளவு பயங்கரமான விஷயம் என்று தெரியாத, நல்ல குடும்பத்துப் பையனாக மேடையில் உட்கார்ந்தார். தெரிந்துகொள்ளும் பொறுப்பு கேட்பவர் தலையில் விழுந்தது. அவருடைய கலை வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு ஏற்பாட்டை வைத்தே படிக்கலாம்.

லேரர் 1928 ஏப்ரல் 9 அன்று நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கழுத்துப்பட்டைத் தொழில் செய்தவர். சிறுவயதில் செவ்வியல் பியானோ கற்றார். மனம் மேடை இசை நாடகங்களிலும் வெகுஜனப் பாடல்களிலும்தான் இருந்தது. அதைக் கண்ட தாய், அந்த வகை இசையைச் சொல்லித்தரும் ஆசிரியரிடம் அவரை மாற்றினார். அந்த முடிவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பிற்காலத்தில் அவர் நாட்டுப்புறக் கதைப்பாடல், வால்ட்ஸ், டாங்கோ, ராக்டைம், தாலாட்டு என்று எந்த வடிவத்தையும் அதன் சொந்தப் பிள்ளைபோல் எழுதியதற்கு வேர் அங்கே இருக்கிறது.

15 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தார். 1946இல் கணிதத்தில் இளங்கலை, அடுத்த ஆண்டே முதுகலை. மாணவராக இருந்த 1945இல், தம் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு ஊக்கப் பாட்டு ஒன்று எழுதினார். மோதிக் கொல்லும் ஆவேசம் இருக்க வேண்டிய இடத்தில், எதிரணியின் மனம் நோகாமல் வெல்ல வேண்டும் என்ற உயர்குடிப் பண்பு அதில் ததும்பும். 17 வயதுப் பையன் எழுதிய இந்தப் பாட்டை ஹார்வர்டின் வாத்தியக் குழுவே பின்னர் ஏற்றுக்கொண்டு வாசித்தது. 1951இல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'தி ஃபிசிக்கல் ரெவ்யூ' என்ற இசை நிகழ்ச்சியை நடத்தினார். 'ஃபிசிக்கல் ரிவ்யூ' என்ற புகழ்பெற்ற இயற்பியல் ஆய்விதழின் பெயரில் ஒரே ஒலியை மாற்றிய சிலேடை அது. நிகழ்ந்த இடம், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நார்மன் ராம்சேயின் இயற்பியல் வகுப்பு.

1953 ஜனவரி 22 அன்று பாஸ்டனில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தை லேரர் ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக்கொண்டார். செலவு 15 டாலர். பன்னிரண்டு பாடல்கள், பத்து அங்குல இசைத்தட்டு, முதல் பதிப்பு 400 பிரதிகள். எந்த நிறுவனமும் வெளியிட முன்வராத சரக்கு என்பது அவருக்கே தெரியும். பிணமும் போதைமருந்தும் அணுகுண்டும் பாட்டில் வந்தால் எந்த வானொலி ஒலிபரப்பும்? தாமே வெளியிட்டார். முதலில் பல்கலைக்கழக வட்டாரத்தில் விற்றது. விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் தட்டைக் கையோடு கொண்டுபோனார்கள். பிறகு நாடெங்கிலுமிருந்து அஞ்சலில் கேட்டு எழுதினார்கள். விளம்பரம் இல்லாமல், வானொலி இல்லாமல், வாய்ச்சொல்லாலேயே அது லட்சக்கணக்கில் விற்றது. தாமே பாடி, தாமே பதிந்து, தாமே அனுப்பும் இன்றைய இசைக்கலைஞர்கள் தங்கள் மூதாதையராக இவரைக் கொண்டாடினால் தவறில்லை.

பிரிட்டனுக்கும் அந்தத் தட்டு போனது. பிபிசி அதிலுள்ள பெரும்பாலான பாடல்களை ஒலிபரப்பத் தடை விதித்தது. அதே பிரிட்டனில், 1957இல் லண்டன் பல்கலைக்கழகம் இளவரசி மார்கரெட்டுக்கு இசையில் கௌரவ முனைவர் பட்டம் அளித்தபோது, அவருடைய இசை ரசனையைப் புகழ்ந்த உரையில் மொசார்ட்டின் பெயரும் லேரரின் பெயரும் ஒன்றாக வந்தன. அங்கே அவர் புகழ் பரவ இதுவும் ஒரு காரணம்.

இனி அந்தப் பாடல்களுக்குள் வருவோம். முதல் தட்டில் ஒரு காதல் பாட்டு இருக்கிறது. காதலியின் கையைத் தன் கையில் ஏந்தியிருக்கும் ஒருவன் உருகிப் பாடுகிறான். மெட்டு மிக மென்மையானது. சில வரிகள் போனபின்தான், அவன் ஏந்தியிருப்பது கையை மட்டுமே என்று நமக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் மெட்டு மாறவில்லை, தாளம் தடுமாறவில்லை, குரல் கனக்கவில்லை. வேறு எந்த நகைச்சுவைப் பாடகராக இருந்தாலும் அங்கே ஒரு அபஸ்வரத்தைப் போட்டு, கண்ணைச் சிமிட்டி, 'புரிந்ததா?' என்று கேட்டிருப்பார். லேரர் அப்படியே உருகிக்கொண்டு போகிறார். சிரிக்காத முகம் என்று சொன்னேனே, அவரிடம் அது மூன்று அடுக்காக இருக்கிறது. பாடுபவர் முகம் ஒன்று. மெட்டுக்கும் ஒரு முகம் உண்டு; அதுவும் சிரிப்பதில்லை. மூன்றாவது இயைபு. ஆங்கிலத்தில் யாரும் சேர்த்துப் பார்த்திராத சொற்களை, அவை பிறந்ததிலிருந்தே ஜோடிகள் என்பதுபோல் துல்லியமாக இணைப்பார். சொற்கட்டு அவ்வளவு ஒழுங்காக இருப்பதால், சொல்லப்படும் அக்கிரமமும் ஒழுங்கானதுபோல் தோன்றுகிறது.

போதைமருந்து விற்பவனைப் பற்றிய பாட்டு இந்த முறையின் உச்சம். மாலையில் தெருவிளக்கேற்ற வரும் முதியவரைப் பற்றிய உருக்கமான பழம்பாடல் ஒன்று அமெரிக்காவில் பிரபலம். அதே உருக்கத்தில், அதே அந்தி மயக்கத்தில், பேட்டைக்கு உபகாரம் செய்யும் பெரியவராகப் போதைமருந்து வியாபாரியை லேரர் வாழ்த்துகிறார். நம் அணியிலக்கணத்தில் இதற்கு அழகான பெயர் உண்டு: வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வதுபோல் பழிப்பது. எழுதி ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஓடியபின், 2012இல், 2 செயின்ஸ் என்ற ராப் பாடகர் இந்தப் பாட்டின் ஒரு துண்டைத் தம் பாடலில் பயன்படுத்த அனுமதி கேட்டார். 84 வயது லேரர் மகிழ்ச்சியோடு அனுமதித்தார்.

1959இல் வெளிவந்த 'தனிமங்கள்' பாட்டு வேறு ரகம். அன்றைக்குத் தெரிந்திருந்த 102 தனிமங்களின் பெயர்களும் அதில் உண்டு. ஏறத்தாழ வேறெதுவும் இல்லை. மெட்டு ஆர்தர் சல்லிவனுடையது. 19ஆம் நூற்றாண்டு நகைச்சுவை இசைநாடகத்தில் ஒரு படைத்தலைவர் பாடுவது. அணு எண் வரிசையை லேரர் பின்பற்றவில்லை. ஓசை கேட்ட இடத்தில் தனிமத்தை வைத்தார். ஒரு பட்டியலை இப்படி ரசிக்க முடியும் என்று தமிழில் நிகண்டுகளை மனப்பாடம் செய்த தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடிகர் டேனியல் ராட்கிளிஃப் 2010இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதை முழுவதும் பாடினார். 'வியர்ட் ஆல்' யாங்கோவிக் என்ற கேலிப்பாடகர் அதைப் பார்த்ததுதான், தம் வாழ்க்கையைச் சொல்லும் படத்தில் நாயகனாக ராட்கிளிஃப் தேர்வாக வழி செய்தது.

இடையில் 1955 முதல் 1957 வரை லேரர் ராணுவத்தில் இருந்தார். பணி தேசியப் பாதுகாப்பு முகமையில். அந்த அமைப்பு இருப்பதையே வெளியே பேசாத காலம் அது. முகம் மாறாமல் இருப்பதை வேலையாகவே செய்த இரண்டு ஆண்டுகள் என்று சொல்லலாம். அங்கே ஃபேகன் என்ற சக கணிதரோடு, சூதாடியின் இழப்பு பற்றிய நிகழ்தகவு ஆய்வறிக்கை ஒன்றை எழுதினார். அறிக்கை அசலான கணிதம். ஆனால் அதன் மேற்கோள் பட்டியலில் லோபசேவ்ஸ்கியின் வெளிவராத கட்டுரை ஒன்று இடம்பெற்றிருக்கிறது. நிகோலாய் லோபசேவ்ஸ்கி யூக்ளிடுக்கு மாற்றான வடிவியலைப் படைத்த மாபெரும் ரஷ்யக் கணிதர். அவர் பெயரில் லேரரின் முதல் தட்டில் ஒரு பாட்டு உண்டு. பிறர் ஆய்வைத் திருடித் தன் பெயரில் வெளியிட்டு முன்னேறுவது எப்படி என்று அறிவுரை சொல்லும் பாட்டு. உண்மையான லோபசேவ்ஸ்கி மீது அப்படி எந்தப் பழியும் கிடையாது. பெயரின் ஓசைக்காகவே அதை எடுத்ததாக லேரர் விளக்கினார். மேற்கோளில் இருந்தது அந்தப் பாட்டில் வரும் கற்பனைக் கட்டுரை. ரகசிய முகமையின் கோப்புக்குள் கிடந்த இந்த நகை வெளியுலகுக்குத் தெரிய ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. கைதட்ட ஆளில்லாத இடத்திலும் அவர் அதே கவனத்தோடு செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ராணுவத்திலிருந்து திரும்பியபின் மேடைப் பயணங்கள் தொடங்கின. 1959இல் ஹார்வர்டின் சாண்டர்ஸ் அரங்கில் நடந்த நிகழ்ச்சி இசைத்தட்டாக வந்தது. பாட்டுக்கு முன் அவர் பேசும் அறிமுக உரைகள் அதில் இருக்கின்றன. பாட்டைவிட அவை சில இடங்களில் கூர்மை. தம்மைக் கண்டித்து வந்த பத்திரிகை விமர்சனங்களையே தட்டின் உறையில் அச்சிட்டார். 1960இல் ஆஸ்திரேலியாவில் சில பாடல்களுக்குக் கெடுபிடி வந்தது. அதே ஆண்டு பயணங்களை நிறுத்திக்கொண்டார். எழுதி முடித்த நாவலை ஒருவர் தினமும் இரவில் உரக்கப் படித்துக்கொண்டிருப்பாரா என்பது அவர் வைத்த வாதம். பாட்டை எழுதுவதில்தான் அவருக்கு இன்பம். அது கச்சிதமாகப் பதிவாகிவிட்டால், நூறாவது முறை பாடுவதில் அவருக்கு ஒன்றுமில்லை. தேற்றத்தை ஒருமுறை நிறுவினால் போதும் என்று நினைக்கும் கணிதரின் மனம் அது.

1964இல் என்பிசி தொலைக்காட்சி 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' என்ற வாராந்தர அரசியல் அங்கத நிகழ்ச்சியைத் தொடங்கியது. லேரர் அதற்குப் பாடல்கள் எழுதி அனுப்பினார். வேறு பாடகர்கள் பாடினார்கள். தணிக்கைக் கையும் பட்டது. அது பிடிக்காமல், தாம் எழுதியபடியே அவற்றைத் தாமே பாடி 1965இல் தட்டாக்கினார். முதலில் சொன்ன ஹங்ரி ஐ பதிவு அதுதான்.

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையாரைப் புறநானூற்றில் படித்திருக்கிறோம். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசிய ஆயுதங்கள். ஔவை அவற்றின் அழகைப் புகழ்ந்துவிட்டு, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். குரல் உயரவில்லை. போர் பற்றிய லேரரின் பாடல்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டில் நினைவுக்கு வருகிறது. அணு ஆயுத யுகத்தின் கொட்டிலுக்குள் அவரும் அதே மரியாதையோடு நடக்கிறார். மூன்றாம் உலகப் போருக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட உற்சாகமான வழியனுப்புப் பாட்டு ஒன்று; போர் தொடங்கியபின் எழுத நேரமிருக்காதாம். ஐரோப்பாவுக்கான கூட்டு அணுப்படைத் திட்டத்துக்கு ஒரு தாலாட்டு. 1964 அக்டோபரில் சீனா குண்டு வெடித்ததை ஒட்டி, அடுத்து யாரிடம் வரும் என்று நாடுகளை வரிசைப்படுத்தும் பாட்டு. அதில் கேலியாகச் சொன்ன தென்னாப்பிரிக்கா பின்னாளில் உண்மையிலேயே குண்டு செய்தது, பிறகு கலைத்தது. அந்த வரிசையில் இந்தியா இல்லை. ஒன்பது ஆண்டுகளில் பொக்ரானில் இந்தியாவும் குண்டு வெடித்தது.

இவற்றுக்கெல்லாம் சிகரம் வெர்னர் ஃபான் பிரவுன் பற்றிய பாட்டு. ஹிட்லரின் ஜெர்மனிக்காக வி-2 ஏவுகணையை உருவாக்கியவர் அவர். 1944 செப்டம்பரிலிருந்து அவை லண்டன் மேல் விழுந்தன. டோரா வதைமுகாம் கைதிகளின் அடிமை உழைப்பில் செய்யப்பட்டவை. விழுந்து இறந்தவர்களைவிடச் செய்யும்போது இறந்தவர்கள் அதிகம். போர் முடிந்ததும் அமெரிக்கா அவரை அழைத்துக்கொண்டது. குடியுரிமை தந்தது. 1960இல் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்துக்கு இயக்குநராக்கியது. நிலவுக்கு மனிதரைக் கொண்டுசென்ற சாட்டர்ன் 5 ராக்கெட் அவருடைய தலைமையில் உருவானது. 1965இல் அவர் அமெரிக்காவின் நாயகர். லேரர் அவரைத் திட்டவில்லை. இனிமையான மெட்டில், ஜெர்மன் உச்சரிப்பு லேசாகத் தொனிக்க, பாராட்டுகிறார். மேலே அனுப்புவதோடு தன் பொறுப்பு முடிந்தது, கீழே விழுவது வேறு இலாகா என்று நினைக்கும் நிபுணரின் மனத்தை உள்ளிருந்து பாடிக் காட்டுகிறார். அறிவியலின் அறம் பற்றி எத்தனையோ நூல்கள் படித்திருக்கிறேன். சில நிமிடங்களே ஓடும் இந்தப் பாட்டுக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. பாடியவரும் ஒரு நிபுணர், ஆயுத ஆய்வு நடந்த லாஸ் அலமோஸில் வேலை பார்த்தவர் என்பதை மறக்கக் கூடாது. அந்த மனம் அவருக்கு அந்நியமானதன்று.

எல்லாப் பாடல்களும் இப்படி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் செனட்டர் ஒருவரையும் துணை அதிபரையும் பற்றி எழுதியவை இன்று அடிக்குறிப்பு இல்லாமல் விளங்கா. பெயரைக் கேலி செய்த பாடல்கள் வாடின. மனப்போக்கைக் கேலி செய்தவை வாடவில்லை.

1967இல் வட ஐரோப்பாவில் பாடினார். 1970களில் குழந்தைகளுக்கு வாசிப்புக் கற்றுத்தரும் 'தி எலெக்ட்ரிக் கம்பெனி' தொலைக்காட்சித் தொடருக்குச் சில பாடல்கள் தந்தார். அதோடு ஏறக்குறைய நிறுத்திவிட்டார். அவர் புகழ் நிற்பது சுமார் மூன்று டஜன் பாடல்களில். ஏன் நிறுத்தினார் என்பதற்கு வதந்திகள் பல. ஃபான் பிரவுன் வழக்குப் போட்டு அவரை வீழ்த்தினார் என்பது ஒன்று. அப்படி ஒரு வழக்கே இல்லை. 1973இல் ஹென்றி கிஸ்ஸிஞ்சருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்ததைக் கண்டு, இனி அங்கதத்துக்கு வேலையில்லை என்று விலகினார் என்பது இன்னொன்று. நோபல் பரிசு அங்கதத்தை வழக்கொழித்துவிட்டது என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு வெகுமுன்பே அவர் அங்கத மேடையிலிருந்து ஒதுங்கிவிட்டார். வியட்நாம் போர்க்கால அமெரிக்காவில் கோபம் வெளிப்படையாகத் தெருவுக்கு வந்துவிட்டது. எல்லோரும் கத்தும் இடத்தில் பேதைமையின் முகத்துக்கு இடமில்லை. அவருடைய கலைக்கு, மரியாதையாக நடந்துகொள்ளும் ஒரு சமூகம் பின்னணியாகத் தேவைப்பட்டது என்பது என் கருத்து.

1972இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அறிவியல் படிக்காத மாணவர்களுக்குக் கணிதமும், அமெரிக்க இசைநாடக வரலாறும் நடத்தினார். முதல் பாடத்துக்கு அவர் வைத்த செல்லப் பெயர், 'டெனர் பாடகர்களுக்கான கணிதம்'. 1980இல் லண்டனில் கேமரன் மெக்கின்டாஷ் அவருடைய பாடல்களைத் தொகுத்து 'டாம்ஃபூலரி' என்ற மேடை நிகழ்ச்சியாக்கினார். லேரர் அதில் பாடவில்லை. 1998இல் மெக்கின்டாஷுக்கு லண்டனில் எடுத்த பாராட்டு விழாவில் நெடுங்காலத்துக்குப் பின் மேடையேறி, பூங்காவில் புறாக்களுக்கு விஷம் வைக்கும் வசந்தகால வால்ட்ஸைப் பாடினார். 70 வயதிலும் அதே முகம். 2001இல் தம் கடைசிக் கணித வகுப்பை எடுத்தார். பாடம், முடிவிலி.

2020 அக்டோபரில் தம் பாடல் வரிகளின் உரிமையைத் துறந்து பொதுச்சொத்தாக்கினார். 2022 நவம்பரில் இசையையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து விட்டுக்கொடுத்தார். யார் வேண்டுமானாலும் பாடலாம், பதியலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், பணம் தர வேண்டியதில்லை என்று எழுதிவைத்தார். 2025 ஜூலை 26 அன்று மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் 97ஆம் வயதில் இறந்தார்.

தமிழில் பாட்டெழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபான் பிரவுன் பாட்டையாவது தமிழுக்குக் கொண்டுவாருங்கள். தாலாட்டோ நலுங்கோ வாழ்த்துப்பாவோ, நம் வீட்டில் மரியாதையோடு பாடப்படும் ஒரு மெட்டை எடுத்து, அதை எந்த இடத்திலும் கோணலாக்காமல் பாடுங்கள். உரிமை கேட்டு யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.